கண்ணாமுனைக்கு வந்த பாதை

வதனி வாய்க்காரி. அவளுடைய பெரியம்மா மங்கையற்கரசி இதைக் குறையாகச் சொல்வாள், கம்பஸ் பிள்ளைகள் பகிடியாகச் சொல்வார்கள், வதனியைக் கேட்டால் அவளே ஓம் என்பாள். நாலு பேர் கூடிய இடத்தில் எல்லாரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நிற்க, முதலில் எழும்புகிற குரல் அவளுடையதாகத்தான் இருக்கும். சொல்வதும் அநேகமாகச் சரியாகவே இருக்கும். மற்றவர்களுக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

இந்த வாய் பிறவியில் வந்ததல்ல, சுனாமிக்குப் பிறகு வந்தது. மட்டக்களப்பு நாவலடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த ஒரு துண்டு மணலில் அவர்களுடைய வீடு இருந்தது. கடல் வந்த அந்த மார்கழியில் அவளுக்குப் பதினாறு வயது. அம்மா போய்விட்டாள், உடம்புகூடக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி வதனி யாரோடும் கதைக்க மாட்டாள், கதைக்கச் சொல்லிக் கேட்டால் எழும்பிப் போய்விடுவாள். மிஞ்சியவர்களோடு ஒரு பள்ளிக்கூட முகாமில் அவளும் போய்க் கிடந்தாள்.

முகாமுக்கு ஒவ்வொரு நாளும் லொறி வந்தது. வந்த லொறியெல்லாம் வாளி கொண்டுவந்தது. எந்த நாட்டில் யாருக்கு என்ன கனவு வந்ததோ தெரியாது, நீல வாளி, சிவப்பு வாளி, மூடி போட்ட வாளி என்று வாளிக்கு மேல் வாளி. ஆனால் கக்கூசுக்குக் கதவு இல்லை. பெண்கள் பொழுது படும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள், வந்தவர்களிடம் அதைச் சொல்ல வெட்கப்பட்டார்கள். ஒருநாள் இன்னொரு லொறி வந்து நிற்க, வரிசையில் நின்ற வதனி வாளியை வாங்காமல், வாளி போதும் சேர், கக்கூசுக்குக் கதவு தாங்க என்றாள். கதவு வந்தது. முகாம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. அன்று திறந்த வாய்தான்.

பிறகு பெரியம்மா அவளை அமிர்தகழிக்குக் கூட்டிப்போய் வைத்துப் படிப்பித்தாள். படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கே, சண்டை மூண்டு ஊர்கள் காலியாகி, ஆட்கள் அகதியாய் இக்கரைக்கு வந்து, பிறகு திரும்பிப் போன வருஷங்கள் அவை. ஷெல் சத்தத்துக்கு நடுவே உயர்தரம் எழுதி, வதனி வந்தாறுமூலைக் கம்பஸுக்கு எடுபட்டாள். வடக்கிலும் சண்டை முடிந்த அந்த வருஷம் கம்பஸ் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கொழும்பிலுள்ள ஒரு நிறுவனம் மாணவர்களுக்கு பெலோஷிப் கொடுக்கிறதாம். தெரிவானவர் ஒரு ஊருக்குப் போய், சனத்தோடு இருந்து, அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டு, அவர்களோடு சேர்ந்தே அதைச் செய்து முடிக்க வேண்டும். அதற்குக் காசு தருவார்கள். வருஷக் கடைசியில் திறமாய்ச் செய்தவரை ஆறு மாதம் வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புவார்கள். வதனி அதை இரண்டு தரம் வாசித்தாள். கேட்டுக் கொடுக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்களே என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. வெளிநாட்டிலும் ஆசை விழுந்தது, பொய் சொல்லக்கூடாது.

விண்ணப்பம் போட்டாள், தெரிவானாள். அவள் தெரிந்தெடுத்த ஊர் கண்ணாமுனை. படுவான்கரையில், வாவி உள்ளே வளைந்து போகிற ஒரு மூலையில் இருக்கிற ஊர். பெலோஷிப்பைத் தமிழில் எழுதினால் புலமைப்பரிசில் என்றுதானே வரும், அதையே அவள் போய்ச் சொல்ல, அது அஞ்சாம் ஆண்டுப் பிள்ளைகள் எடுக்கிற சோதினையல்லவா, இவ்வளவு வளர்ந்த பிறகா பாஸ் பண்ணினாய் என்று கேட்டுச் சனம் சிரித்தது. வதனியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு ஒரு மாதம் வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான் கேட்டாள், உங்களுக்கு என்ன வேணும்? ஊர் முழுக்க ஒரே சொல்லைத்தான் சொன்னது.

பாதை வேணும்.

மற்ற ஊர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். மட்டக்களப்பில் நாங்கள் நடக்கிற வழியைத் தெரு என்போம், றோட்டு என்போம். பாதை என்றால் அது தண்ணீரில் போவது. இரண்டு வள்ளத்தைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, சனத்தையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகிற மிதவை. மண்டூர்க் கோயில் திருவிழாவுக்குப் பாதையில் போனேன் என்று சொன்னால் இங்கே எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். கண்ணாமுனையின் பழைய பாதை சண்டைக்குள்ளே அழிந்துபோனது. அதற்குப் பிறகு அக்கரைக்குப் போக ஒற்றைத் தோணிதான், காற்றடித்தால் அதுவுமில்லை.

பாதை யாருக்கு வேண்டுமோ இல்லையோ, தர்சினிக்கு வேண்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் ஆண்டுக்கு மேல் வகுப்பு இல்லை. பத்தாம் ஆண்டு அக்கரையில், புது வகுப்புத் தையில் தொடங்கும். தர்சினி படிப்பில் கெட்டிக்காரி, வதனி போகும்போதெல்லாம் கணக்குப் புத்தகத்தோடு பின்னால் திரிவாள். அவளுடைய தாய் சின்னத்தங்கம் தோணியில் விட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். காரணம் இருந்தது. சண்டைக்கு ஊரோடு ஓடியபோது தோணி கவிழ்ந்து மூத்த மகளை வாவிக்குக் கொடுத்தவள் அவள். அதற்குப் பிறகு சின்னத்தங்கம் தண்ணீரில் கால் வைக்கவில்லை, பட்டணம் போவதென்றாலும் இரண்டு பஸ் மாறிச் சுற்றித்தான் போவாள்.

"தைக்குள்ள பாதை வந்தா இவள் பள்ளிக்கூடம் போகட்டும் புள்ள" என்றாள் வதனியிடம். "வராட்டி என்ட தங்கச்சியோட கொழும்புக்கு அனுப்பிருவன். அங்க ஒரு வீட்டில பிள்ளை பார்க்க ஆள் கேட்டிருக்காங்க. சும்மா குந்தியிருந்து வயசுதான் போகுது."

வரும் மாமி, நான் கொண்டு வாறன் என்று வதனி சொல்லிவிட்டாள். அவளுடைய வாய் அப்படித்தான்.

ஊர் கேட்டதைச் சொல்லிக் காசு கேட்கிற நேர்முகம் மட்டக்களப்பு டவுனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த நிறுவனத் தலைவி அம்மாவுக்குச் சிங்களமும் இங்கிலிஷும்தான் தெரியும். அவருடைய காதோரம் சுபாகரன் உட்கார்ந்திருந்தான். பதுளைப் பக்கத்துப் பெற்றாருக்குக் கொழும்பில் பிறந்து வளர்ந்த பொடியன், மூன்று பாஷையும் தண்ணிபட்ட பாடு, பெலோஷிப் வேலையெல்லாம் அவன் தலையில்தான். வதனி தமிழில் பேசப் பேச அவன் அம்மாவின் காதுக்குள் இங்கிலிஷில் மெல்லச் சொல்லிக்கொண்டு போனான். வதனி சின்னத்தங்கத்தைச் சொன்னாள், தர்சினியைச் சொன்னாள், பள்ளிக்கூடம் தூரம் என்றாள், பாதை, பாதை என்று பத்துத் தரம் சொன்னாள். தலைவி அம்மாவுக்குக் கண் கலங்கியது. எழும்பி வந்து கை கொடுத்தார்.

பிறகு சுபாகரன் போனில் எடுத்தான். உங்க பாதை பாஸாகிடுச்சு என்றான். விபரம் கேட்டான், இவளும் சொன்னாள். நீளம் எவ்வளவு வேணும் என்று கேட்டான். நீளம் பெரிசில்லை அண்ணா, அகலம்தான் முக்கியம், சைக்கிளோட ஆள் நிற்க வேணும் என்றாள். ஒரு நேரத்தில் எத்தனை பேர் போவாங்க என்றான். இருபது பேர் தாங்க வேணும் என்றாள். தண்ணி பட்டால் பழுதாகக் கூடாது என்றாள். அதெல்லாம் நல்ல உறுதியாகச் செய்வோம் என்றான் அவன். இந்த இரண்டு பேரும் அரைமணித்தியாலம் கதைத்து, இரண்டு பேரும் திருப்தியாகப் போனை வைத்தார்கள். கடைசியில், வெள்ளிக்கிழமை பாதை வேலைக்குச் சாமான் வந்து இறங்கும், ஆட்களைக் கூப்பிட்டு வையுங்க என்றான்.

கூப்பிடாமலே ஊர் வந்தது. மீனவர் சங்கத் தலைவர் கோணாமலை வெள்ளை வேட்டியோடு வந்தார். கரையில் நிறைகுடம் வைத்து, குத்துவிளக்குக் கொளுத்தி, சனம் முழுக்க வாவியைப் பார்த்தபடி வரிசையாக நின்றது. பலகையும் வள்ளமும் இந்தப் பக்கத்தால் வருமா, அந்தப் பக்கத்தால் வருமா என்று இளந்தாரிகளுக்குள் ஒரு விவாதம். வெயில் ஏறியது. தண்ணீரில் ஒரு கொக்கைத் தவிர ஒன்றும் இல்லை. அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் இரைச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஊர்த் தெருவில் மூன்று டிப்பர் லொறி. வந்தது, திரும்பியது, பின்பக்கத்தைத் தூக்கிச் சிவப்புக் கிரவல் மண்ணைக் குவியல் குவியலாகக் கொட்டியது. சாரதி இறங்கி, பாதைக்குக் கிரவல், கையெழுத்து வையுங்க என்றான்.

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு ஊர் சிரித்தது. கோணாமலை சிரிக்கவில்லை, இதைக் கொண்டு நாக்கு வழிக்கிறதா என்று கேட்டார். வதனிக்குக் காது இரண்டும் சுட்டது. அவள் சின்னத்தங்கத்தைத் தேடினாள். சின்னத்தங்கம் தர்சினியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

வதனி அந்த இடத்திலேயே போனை எடுத்தாள்.

"நீங்கதானே பாதை வேணும்னு சொன்னீங்க?" என்றான் சுபாகரன்.

"ஓம், பாதைதான் கேட்டன். நீங்க ஏன் றோட்டுப் போடுறீங்க?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

எங்கட ஊரில் பாதை என்றால் என்ன என்று வதனி அவனுக்கு விளங்கப்படுத்தினாள்.

அடுத்த பஸ்ஸில் அவன் வந்து இறங்கினான், முகம் செத்துப்போயிருந்தது. பாவம், அவன் படித்த தமிழிலும் பேசிய தமிழிலும் பாதை என்றால் நடக்கிற வழிதான். அவன் என்ன செய்வான்? அவனைப் பிடித்து நல்லாக ஏச வேண்டும் என்று காத்திருந்த வதனிக்கு ஏச்சு வரவில்லை. ஆனால் அவன், இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டான். கொழும்பில் எல்லாரும் இந்த றோட்டைப் பற்றித்தான் கதைக்கிறார்களாம். வெளிநாட்டுப் பட்டியலில் அவளுடைய பெயர்தான் முதலாவதாம். இப்போது பிழை என்று வெளியே வந்தால் இந்த வருஷத் திட்டம் நிற்கும், அவனுடைய வேலையும் போகும். கலியாணம் கட்டி மூன்று மாதம்தான் ஆகிறது என்றான். றோட்டும் நல்லதுதானே வதனி, மற்றதை வாற வருஷம் கேட்போம் என்றான்.

வதனிக்கு ஆசை இல்லாமல் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், விமானத்தில் ஏறலாம். முகாமில் வாளி வாங்கிய சனம் அப்படித்தான் இருந்தது, கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னது, கொடுத்தவனும் சந்தோசமாகப் போனான். வாற வருஷம் பாதை வரலாம். ஆனால் வாற வருஷம் தர்சினி கொழும்பில் யாருடைய பிள்ளைக்கோ பால் கரைத்துக்கொண்டிருப்பாள். அதை நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்து, முகம் கழுவிவிட்டுக் கோணாமலையிடம் போனாள்.

கிரவலைத் திருப்பி அனுப்பு என்றார் அவர். திருப்பி அனுப்பினால் கிரவலும் போகும், பாதையும் வராது என்றாள் வதனி. கூலிக்கென்று வந்திருக்கிற காசைத் தொடாமல் வைப்போம், வேலையை ஊராக நாங்களே சிரமதானமாய்ச் செய்வோம், றோட்டை வளைக்காமல் நேரே தண்ணீருக்குக் கொண்டு போவோம், எப்படியும் பாதைக்கு ஒரு இறங்குதுறை வேண்டுந்தானே, மிச்சத்தை நான் கதைக்கிறன் என்றாள். கோணாமலை அவளை மேலும் கீழும் பார்த்தார். நீ கதைப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

வேலை நடந்தது. வயல் வட்டையில் விதைப்பு முடித்த ஆட்கள் பின்நேரங்களில் வந்தார்கள், பெண்கள் மண் சுமக்கத் தாச்சி கொண்டு வந்தார்கள், சின்னத்தங்கம் மட்டும் வரவில்லை. தங்கச்சி தை பிறந்ததும் வந்து மகளைக் கூட்டிப்போவாள் என்று சொல்லியனுப்பினாள். வதனியும் விடாமல், தைவரை பொறுங்கள் மாமி என்று திருப்பிச் சொல்லியனுப்பினாள். மழை நன்றாகப் பிடிக்க முன்னம் றோட்டுத் தண்ணீரைத் தொட்டது. நல்ல றோட்டு, குறை சொல்ல முடியாது.

திறப்பு விழாவுக்குத் தலைவி அம்மா வந்தார். கூடவே கமெராக்காரர், சுபாகரன், மற்ற மாணவர்கள் எல்லாரும். ரிபன் வெட்டி, மாலை போட்டு, அம்மா முன்னே நடக்க ஊர் பின்னே நடந்தது. நடந்தார், நடந்தார், செருப்பு நனைகிற இடத்தில் நின்றார். முன்னால் வாவி. சுற்றிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் எங்கே என்று சுபாகரனைக் கேட்டார். அவன் வாய் திறக்க முன்னம் வதனி கையை நீட்டி அக்கரையைக் காட்டினாள். பிறகு மைக்கை வாங்கினாள். நான் சொல்வதைச் சனத்துக்குக் கேட்க, சத்தமாய், வசனம் வசனமாக இங்கிலிஷில் சொல்லுங்கள் அண்ணா என்று சுபாகரனிடம் கேட்டுக்கொண்டாள்.

"மேடம், இந்த றோட்டு நல்ல றோட்டு. ஆனா நாங்க கேட்டது இது இல்ல. நாங்க கேட்டது பாதை. எங்கட ஊரில பாதை எண்டா ஆக்களை ஏத்திக்கொண்டு தண்ணிக்கு மேலால போறது. இந்தா நிக்கிற தர்சினி இந்த றோட்டில இதுவரைக்கும்தான் வரலாம், பள்ளிக்கூடத்துக்குப் போகேலாது. கூலிக் காசு அப்படியே இருக்கு. அதில எங்களுக்குப் பாதை செய்ய விடுங்க."

சொல்லிவிட்டுச் சுபாகரனைப் பார்த்தாள். அவன் நினைத்தால் இதை வழுக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஊர்ச் சனம் நன்றி சொல்கிறது, அடுத்த கட்டமாக ஒரு படகும் விரும்புகிறது என்று அழகாய்ச் சொல்லி முடித்திருக்கலாம். மாற்றிச் சொன்னால் பிடிக்கிற அளவுக்கு வதனிக்கு இங்கிலிஷ் விளங்கும், ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் அவனைப் பிடித்திருப்பாளோ என்பது அவளுக்கே தெரியாது.

அவன் சொன்னான். றோட்டு, பாதை, தர்சினி, கூலிக் காசு, ஒன்றும் குறையாமல் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு இன்னும் ஒரு வசனம் சொன்னான். அது வதனி சொன்னதல்ல. ஊர்ப் பக்கம் திரும்பி அதையே தமிழிலும் சொன்னான்.

"இவங்க சரியாத்தான் சொன்னாங்க. பிழையா மாத்திச் சொன்னது நான்."

தலைவி அம்மா அவனைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். றோட்டால் சுற்றிப் போனால் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர இன்ரேவல் மணியடிக்கும் என்றார் கோணாமலை. பாதை தந்தால் யார் பார்த்துக்கொள்வது என்று அம்மா கேட்டார். பழைய பாதையை யார் பார்த்தது, நாங்கள்தானே என்றார் கோணாமலை கொஞ்சம் கோபமாகவே. அம்மா ஒரு வாக்கும் கொடுக்காமல் வாகனத்தில் ஏறினார். ஆனால் அடுத்த கிழமையே சுபாகரனின் போன் வந்தது. செய்யுங்க, ஆனா இந்த முறை படம் வரைஞ்சு அனுப்புங்க என்றான். அவனுடைய வேலையும் போகவில்லை. இப்போது எந்த ஊருக்குப் போனாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டு ஆட்களுக்கு அலுப்பு வரப் பண்ணுகிறானாம்.

வெளிநாட்டுக்கு, பெலோஷிப் எடுத்த மற்ற மாணவர்களில் ஒருவனான நிலோஜன் போனான். வருஷத்துக்குள் முடியாத திட்டத்தைக் கணக்கில் எடுக்க முடியாதாம், அது விதியாம். வதனி இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. நிலோஜன் நல்ல பொடியன்தான், அதற்காகக் கவலை இல்லாமல் போகுமா? மூன்றாம் நாள் அவள் பஸ் ஏறி ஓட்டமாவடிக்குப் போய், வள்ளம் கட்டுகிற பக்கீர் நானாவைப் பிடித்தாள். தைக்குள் கட்ட முடியாது என்றவரை, முடியும் என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

பள்ளிக்கூடம் தொடங்குகிற நாள் பாதை கரையில் நின்றது. இரண்டு வள்ளம், மேலே புதுப் பலகை, கரைக்குக் கரை கட்டிய தடித்த கயிறு. கயிற்றைப் பிடித்து இழுக்க இழுக்கப் பாதை போகும். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் ஏறினார்கள். தர்சினி மட்டும் கரையில் நின்று தாயைப் பார்த்தாள். சின்னத்தங்கத்தின் தங்கச்சியும் வந்து நிற்கிறாள், கொழும்புக்குப் போகத் தர்சினியின் பையும் கையுமாகத்தான் நிற்கிறாள். சின்னத்தங்கம் எந்த முடிவும் சொல்லியிருக்கவில்லை.

வதனி முதல்முறையாக வாயைத் திறக்காமல் நின்றாள். இது அவள் கதைத்துச் சரிக்கட்டுகிற விஷயமல்ல.

சின்னத்தங்கம் றோட்டால் இறங்கி வந்தாள். விளிம்பில் நின்று பலகையைக் காலால் தட்டிப் பார்த்தாள். சேலைக் கரையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலை வைத்தாள், மற்றக் காலையும் வைத்தாள். பாதை கொஞ்சம் ஆட, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணைத் திறந்து, ஏறுகா என்றாள் மகளைப் பார்த்து. தர்சினி ஓடி வந்து ஏறினாள். கயிற்றைப் பிடித்திருந்த இளந்தாரியைச் சின்னத்தங்கம் தள்ளி நிற்கச் சொன்னாள்.

மகளை அக்கரைக்கு அவளே இழுத்துக்கொண்டு போனாள்.